நோட்டக்கா எழுதிய இரண்டு வரி

நோட்டக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அவள் வேலை பார்த்த பிள்ளைகள் நல மையத்தின் வருகைப் பதிவேட்டில் அது தினமும் ஒழுங்காக எழுதப்பட்டு வந்தது. வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. சுற்றியுள்ள ஏழெட்டுத் தெருக்களிலும், மூன்று பள்ளிக்கூடங்களிலும், ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவிலும் அவள் நோட்டக்காதான். தோளில் தொங்கும் பையில் எந்நேரமும் நாலைந்து நீல அட்டை நோட்டுகள் இருக்கும். குடும்பத்துக்கு ஒன்று. தெருமுனையில் அவள் தலை தெரிந்தாலே, "நோட்டக்கா வர்றாங்க, எந்த வீட்டுக்குன்னு பாரு" என்று ஜன்னல்கள் பேசிக்கொள்ளும்.

அவள் படித்தது பத்தாவது வரை. இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். அப்படிப்பட்டவள் ஐம்பத்திரண்டு வயதில் மனநல டாக்டருக்கும் நல அலுவலக அதிகாரிக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அதை இந்தப் பிள்ளைகிட்ட ஏற்கெனவே கேட்டாச்சு, மறுபடி கேக்காதீங்க" என்று சொல்லும் இடத்துக்கு வந்ததற்குக் காரணம் அவள் மகன்.

மகனுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது ஒரு திங்கட்கிழமை காலை, ஷூவுக்குக் கயிறு கட்ட உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. மணி பத்தான பிறகும் கயிற்றின் ஒரு முனை அவன் கையில் இருந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் என்ற சொல்லைக் கேட்டாலே அவன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். அவன் அப்பா விபத்தில் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது. ஆண் துணை இல்லாத வீடு என்றால் உலகத்துக்கே வாய் முளைத்துவிடும். நேரம் சரியில்லை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்றார்கள் உறவுக்காரர்கள். தலையெழுத்து என்றார் ஒருவர், படித்தவர். தலையெழுத்து என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த விளக்கத்தின் சௌகரியமே அதுதான்.

அவள் அதை ஏற்கவில்லை. காய்ச்சலுக்குக் காரணம் இருப்பதுபோல் இதற்கும் இருக்கும், காரணம் இருந்தால் வழியும் இருக்கும் என்று கிளம்பினாள். பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. ஆஸ்பத்திரி நல அலுவலகத்திடம் கடிதம் வாங்கி வரச் சொன்னது. நல அலுவலகம் பள்ளிக்கூடத்துக்கே திருப்பி அனுப்பியது. ஒன்றரை வருடத்தில் பதினோரு மேஜை. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு படிவம், ஒரே முதல் கேள்வி: எப்போது ஆரம்பித்தது? அடுத்த கேள்வி: வீட்டில் யாராவது குடிப்பார்களா? பதினோராவது மேஜையில் பையன் மேஜை ஓரத்திலிருந்த திருகாணி ஒன்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கேள்விகள் அவன் மேல் பட்டுக் கீழே விழுந்தன. அன்றோடு சரி. அந்த விஷயத்தை அதன்பிறகு அவன் எவரிடமும் பேசவில்லை, பெற்றவளிடமும்.

தேறிவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு பெரிய நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போன் வரும்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன். நீ?"

"ம்."

"வேலை எப்படிப் போகுது?"

"ஏறுது, இறங்குது."

மூன்று நிமிடத்துக்கு மேல் போனதில்லை. அந்த மூன்று நிமிடத்துக்காக அவள் சனிக்கிழமையே பேச்சைச் சேர்த்துவைப்பாள்; போன் வந்ததும் எல்லாம் காணாமல் போய்விடும். மகன் இன்னும் ஒரே ஒரு தடவை, "அம்மா, அன்னைக்கு எனக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று தானாக ஆரம்பிக்க மாட்டானா என்று பதினெட்டு வருடமாகக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மகன் வளர்ந்து போன பிறகு, பெற்றோரின் கருத்தைக் கேட்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். நோட்டக்கா சலவைக்கூடத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு போய், பதினோரு படிவங்களின் நகலை மேஜையில் வரிசையாகப் பரப்பினாள்.

"இதுல முதல் ஒன்பது கேள்வி எல்லாத்துலயும் ஒண்ணேதான். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சா கண்ணு தேஞ்சிடுமா உங்களுக்கு? பிள்ளை என்ன, ஊர் ஊரா நாடகம் போடவா வந்தான்?"

கூட்டத்திலிருந்த மனநல டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தவர் அதோடு விடவில்லை, மூன்று வருடம் அலைந்தார். கடைசியில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நல அலுவலகம் மூன்றும் சேர்ந்து ஒரு மையம் வந்தது. மூடிப்போன வங்கிக் கிளை ஒன்றில் இடம் கிடைத்தது. பணப்பெட்டகம் இருந்த, ஒரு சாண் கனக் கதவு போட்ட அறைதான் குழந்தைகளோடு பேசும் அறை. அங்கே குடும்பத் துணையாளர் என்று ஒரு வேலை. அதற்கான தகுதி, இதே வழியில் ஒரு தடவை முள் குத்தி நடந்திருக்க வேண்டும் என்பது. அந்தத் தகுதி நோட்டக்காவிடம் தேவைக்கு மேலேயே இருந்தது.

நோட்டு அவள் கொண்டுவந்த விதி. பிள்ளை தன் கதையை ஒரே தடவை சொன்னால் போதும். கேட்டவர் நோட்டில் எழுதுவார். எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து டாக்டர், டீச்சர், அதிகாரி, பெற்றோர், நோட்டக்கா என்று ஐந்து பேருக்கும் அனுப்புவார். நோட்டு குடும்பத்தின் வீட்டில் இருக்கும்; பேச்சு நடக்கும் நாளில் மட்டும் நோட்டக்காவின் பையில் வரும். மாதம் ஒரு தடவை எல்லாரும் அந்த வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசுவார்கள். அதற்கு 'மேஜை' என்று பெயர். அலைந்த காலம் போய், அலுவலகங்கள் படியேறி வந்தன. இரண்டு வருடத்தில் நாற்பது குடும்பம். மற்ற மையங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நோட்டக்கா தன் மகனுக்குச் செய்ய முடியாததை நாற்பது தடவை செய்துவிட்டதாக நினைத்தாள்.

நாற்பத்தோராவது நோட்டு வாத்துவினுடையது.

வாத்துவுக்கும் பன்னிரண்டு வயது. சின்னதில் அப்பாவின் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு ஆடி ஆடி நடந்ததால் அப்பா வைத்த பெயர். அப்பா பேக்கரியில் அடுப்பு வேலை பார்த்தார். விடியும் முன் போய் மதியம் இரண்டு மணிக்குத் திரும்புவார், காதுமடலில் மாவோடு. அம்மா இரண்டு வருடம் முன்பு வேறொருவரோடு போய்விட்டாள். ஊரின் மறுகோடியில்தான் இருந்தாள், வேறு குடும்பமாக. அந்த வீட்டாருக்கு இப்படி ஒரு மகள் இருப்பது தெரியாது.

வாத்து காலையில் பள்ளிக்கூடம் போவாள். மதிய இடைவேளையில் காணாமல் போவாள். நாலு மணிக்கு வீட்டில் இருப்பாள். எங்கே போகிறாள் என்று ஏழு மாதமாக யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் கேட்டார், டீச்சர் கேட்டார். அவள் பிடிவாதக்காரியும் அல்ல. கேட்டால், "சும்மா" என்று மரியாதையாகச் சொல்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டக அறையில் நோட்டக்கா அவளுக்கு எதிரே உட்கார்ந்து கிழிந்த பை வாரைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. வாத்து வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே சொன்னாள்:

"நான் அம்மா வீட்டுத் தெருவுக்குப் போவேன் நோட்டக்கா. உள்ள போக மாட்டேன். எதிர்ல பஸ் ஸ்டாப் இருக்கு. உக்காந்து ஜன்னலைப் பாத்துட்டு வந்துடுவேன்."

"அம்மா பாப்பாங்களா?"

"சில நாள் துணி எடுக்க வருவாங்க."

அவ்வளவுதான். நோட்டக்கா தைப்பதை நிறுத்தினாள். பதினெட்டு வருடமாக எந்த மாதிரிப் பேச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாளோ, அது ஒரு ஊசி முனையில் வந்து நின்றது, வேறொரு பிள்ளையின் வாயிலிருந்து. இதை இந்தக் குழந்தை இன்னொரு தடவை சொல்ல நேரக் கூடாது என்று நினைத்தாள். நோட்டை எடுத்து, தேதி போட்டு, இரண்டு வரி எழுதினாள். மதியம் வெளியே போவது அம்மா வசிக்கும் தெருவுக்கு. எதிர் நிறுத்தத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். படம் எடுத்தாள். அனுப்பினாள். வாத்து அப்போது கை கழுவப் போயிருந்தாள்.

அனுப்பலாமா என்று கேட்கத் தோன்றவில்லை. நோட்டின் விதிக்கு அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். பிள்ளையிடம் கையெழுத்து வாங்க எந்தப் படிவத்திலும் இடம் கிடையாது.

அடுத்த மூன்று நாளில் நடந்ததைப் பார்த்தால், ஒருவர் மேலும் குறை சொல்ல முடியாது. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தார்கள். ஒருங்கிணைப்பு என்றால் அதுதானே. டீச்சர் மதியம் பள்ளிக்கூட வாசலைப் பூட்டச் சொன்னார். வாத்துவைத் தனியே கூப்பிட்டு, "அங்க போகாதம்மா, மனசு கஷ்டமா இருந்தா எங்கிட்ட வா" என்று தலையைத் தடவினார். டாக்டர் மென்மையாக, "அம்மாவைப் பாக்குறப்ப உள்ள எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அதிகாரி முறைப்படி அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா அழுதுவிட்டு, "அவளை வர விடாதீங்க, எனக்கு இருக்க இடம் போயிடும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்பா வேலையிலிருந்து வந்து, தட்டை எடுத்து வைத்து, "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. வாத்து பதினேழாம் நம்பர் பஸ் ஏறிப் போனாள். இத்தனை மாதமும் திறந்தே இருந்த ஜன்னலில் பச்சைத் திரை இழுத்து மூடியிருந்தது.

அதன்பின் அவள் பேசவில்லை. சாப்பிட்டாள், குளித்தாள், வகுப்பில் எழுதினாள். மையத்துக்கு வந்தவள் நோட்டக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை; தோளில் தொங்கிய பையை ஒரு தடவை பார்த்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது நோட்டக்காவுக்கு.

வசதியான வீட்டுப் பிள்ளையின் துக்கத்துக்கு ஒரு டாக்டர், ஒரு கதவு. உள்ளே சொன்னது உள்ளே இருக்கும். இல்லாத வீட்டுப் பிள்ளையின் துக்கத்துக்கு ஐந்து அலுவலகம், ஐந்து போன். அது தெருவில் காயப்போட்ட துணி மாதிரி, போகிறவர் வருகிறவரெல்லாம் தொட்டுப் பார்த்து ஈரம் போயிற்றா என்று கேட்கலாம். இந்த வித்தியாசத்தை எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே நடக்கிற அநியாயத்துக்குத்தான் ஆயுள் அதிகம்.

ஐந்து வாரம் போயிற்று. அதிகாரி ஒரு வழவழப்பான கையேட்டோடு மையத்துக்கு வந்தார்.

"உறைவிடப் பள்ளி. நல்ல இடம். ஆலோசகர் இருக்காங்க, நீச்சல் குளம் இருக்கு. பஸ்ல ஆறு மணி நேரம்தான்."

"ஆறு மணி நேரம்தானா," என்றாள் நோட்டக்கா. "அவ அப்பனுக்கு அது ஆறு வருஷம் மேடம்."

"எனக்கு மட்டும் ஆசையா? பன்னெண்டு வயசுப் பொண்ணு ஊர் மறுகோடில பஸ் ஸ்டாப்புல தனியா உக்காருறா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் கழுத்துக்குக் கத்தி? வீட்ல ரெண்டு மணி வரைக்கும் ஆள் இல்ல. இப்போ பேச்சும் நின்னு போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு வியாழக்கிழமை மேஜைல முடிவு எழுதிடலாம்."

"பிள்ளைகிட்ட கேக்கணும்."

"கேப்போம். பேசினா எழுதுவேன். பேசலைன்னா, 'கருத்து தெரிவிக்கவில்லை'ன்னு போடுவேன். அதுக்குன்னு கட்டம் இருக்கு."

கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் குறி போட்டால் சம்மதம் என்று கணக்கு. பேசாமல் இருக்கும் பெரியவரிடம் எவரும் வீட்டை எழுதி வாங்கிவிட முடியாது. பேசாமல் இருக்கும் குழந்தையை மட்டும் ஆறு மணி நேரம் தள்ளி அனுப்பிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வந்தது. சாப்பிட்டாயா முடிந்தது. ஏறுது இறங்குது முடிந்தது. மகன் வைக்கப் போகிறான் என்று தெரிந்ததும் நோட்டக்கா, பதினெட்டு வருடமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டாள்.

"டேய், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. அப்போ... பதினோரு பேர் கேட்டதுலதான நீ பேச்சை விட்ட?"

மறுமுனையில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது.

"பதினோரு பேர் கேட்டா என்னம்மா. அவங்க வேலை, கேப்பாங்க. நான் எங்க சொன்னேன்? எல்லார்கிட்டயும் நீதான சொன்ன."

"நானா?"

"நான் ராத்திரி உங்கிட்ட சொன்னது அது. காலைல நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், நீ ஒவ்வொரு மேஜைலயும் அதைச் சொல்லிட்டே இருந்த. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடச் சேத்து. அழுதுட்டே." இரும்புச் சத்தம் நின்றது. "அப்புறம் உங்கிட்ட சொல்லத் தோணல. அவ்ளோதான். உன் மேல கோவம்லாம் இல்ல."

"எனக்குத் தெரியலையேடா."

"தெரியாதுன்னு தெரியும்மா. சரி, கீழ லிஃப்ட்ல ஒரு ஆள் மாட்டிக்கிட்டாராம், கத்துறாரு. வைக்கவா?"

"வை, வை. அவரை இறக்கு."

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நோவு ஒரு இடத்தில் இருக்க, இத்தனை வருடம் வேறு இடத்துக்கு மருந்து போட்டிருக்கிறாள். அந்த மருந்துக்கு நீல அட்டை போட்டு நாற்பத்தொரு வீட்டில் கொடுத்துமிருக்கிறாள். பன்னிரண்டு வயதில் அவள் மடியில் படுத்தபடி அவன் சொன்ன அந்தச் சில வாக்கியங்கள் சொல் மாறாமல் நினைவுக்கு வந்தன. அதைத் திருப்பி அவனிடமே கொடுத்துவிட வழி இருந்தால் நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

மறுநாள் பேக்கரி வாசலில் போய் நின்றாள். வாத்துவின் அப்பா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டுப் போகட்டுமா? அங்கதான், அந்த பஸ் ஸ்டாப்புக்கு."

அவர் முகம் சுருங்கியது. "போகக் கூடாதுன்னுதான மேடம் சொல்லியிருக்காங்க?"

"தனியாப் போகக் கூடாதுன்னாங்க. நான் தனி ஆளா? என் உடம்புக்கு ரெண்டு சீட்டு வேணும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் தலையசைத்தார்.

சனிக்கிழமை நோட்டக்கா பையை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். தோள் என்னவோ போலிருந்தது. வாத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பதினேழாம் நம்பர் ஊரைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போயிற்று. நிறுத்தத்தில் இரும்பு இருக்கை வெயிலில் கொதித்தது. நோட்டக்கா கைக்குட்டையை விரித்து, வாத்துவை அதன் மேல் உட்கார வைத்தாள். எதிரே கீழே தையற்கடை, மேலே இரண்டாம் மாடியில் பச்சைத் திரை.

"நான் எழுதினது தப்பு," என்றாள் நோட்டக்கா, திரையைப் பார்த்தபடியே. "எழுதலாமான்னு உங்கிட்ட கேட்டிருக்கணும். கேக்கல."

வாத்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் நோட்டக்கா பேசவில்லை. பேசாமல் இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று அவளுக்கு இதுவரை தெரியாது. நெஞ்சுக்குள் கேள்விகள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி முட்டி மோதின. இரண்டு பஸ் வந்து போயின. மூன்றாவது பஸ்ஸின் ஓட்டுநர், "ஏறுறீங்களா இல்லையா?" என்று கேட்டார். "நாங்க சும்மா உக்காந்திருக்கோம் தம்பி, நீங்க போங்க" என்றாள்.

அந்த பஸ் விலகியபோது மாடியில் திரை அசைந்தது. ஒரு பெண் கையை நீட்டிக் கொடியிலிருந்து ஒரு விரிப்பை இழுத்தாள். பாதி இழுத்தவள் நின்றாள். விரிப்பு அவள் கையில் பாதியும் கொடியில் பாதியுமாகத் தொங்கியது. கீழே இருந்து பார்த்தால் முகம் தெரியவில்லை. பிறகு விரிப்பும் அவளும் உள்ளே போனார்கள். திரை முன்புபோல் இறுக மூடவில்லை. ஒரு கை அகலம் விட்டிருந்தது.

வாத்து கால் ஆட்டுவதை நிறுத்தினாள். ஆறு வாரத்துக்குப் பிறகு பேசினாள். நாலு வாக்கியம் இருக்கும். அது நோட்டக்காவுக்குச் சொன்னது, வேறு எவருக்கும் அல்ல. ஆகவே அது இங்கேயும் வராது.

வியாழக்கிழமை மேஜை. வாத்துவின் மூன்றாம் மாடி வீட்டில் நாலு நாற்காலிதான். அதிகாரிக்கும் டீச்சருக்கும் நோட்டக்காவுக்கும் அப்பாவுக்கும் அது சரியாகப் போயிற்று. டாக்டர் கவிழ்த்துப் போட்ட ரொட்டிக் கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அது ஒவ்வொரு அசைவுக்கும் முனகியது. வாத்து சமையலறை நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள்.

அதிகாரி நோட்டைப் புரட்டினார். "சனிக்கிழமை ரெண்டு பேரும் வெளிய போயிருக்கீங்க. அப்பா சொன்னார். பேசினாளா?"

"பேசினா."

"என்ன சொன்னா? நோட்டுல ஒண்ணும் ஏறலையே."

"ஏறாது மேடம்."

"என்ன இது? ஒரு தடவை சொன்னா போதும், எல்லாரும் படிக்கணும்னு எங்க எல்லாரையும் உலுக்கி எடுத்து விதி போட்டது நீங்க."

"நான்தான் போட்டேன். தப்பாப் போட்டேன். யார் எழுதணும்னு போட்டேன், எதை அனுப்பணும்னு போட்டேன். அனுப்பலாமான்னு பிள்ளைகிட்ட கேக்கணும்னு போடல."

டீச்சர் மேஜை விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார். "வாசலைப் பூட்டச் சொன்னது நான்," என்றார் மெல்ல. "பூட்டின அன்னைக்கு அவ என்னைப் பாத்த பார்வை... எனக்குத் தூக்கம் வரல."

டாக்டர் கூடையில் அசைந்தார். "என் சொந்த கிளினிக்குக்கு வர்ற பிள்ளைங்க சொன்னதை நான் வீட்ல என் மனைவிகிட்டகூடச் சொன்னதில்ல. இங்க மட்டும் தினம் படம் பாத்துட்டு, ஒண்ணுக்கு நாலா கேள்வி கேட்டுட்டு இருந்தேன். வெக்கமா இருக்கு."

"எல்லாரும் நல்லவங்க ஆயிட்டீங்க," என்றார் அதிகாரி. "நான் ஒருத்திதான் கெட்டவளா? சரி, அவ சொன்னதைச் சொல்ல மாட்டீங்க. எதை வெச்சு நான் முடிவு எழுதுறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நோட்டக்காவின் நாக்கு நுனியில் அந்த நாலு வாக்கியமும் நின்றன. அவற்றைச் சொன்னால் போதும், அதிகாரியின் பேனா இறங்கிவிடும், பிள்ளை இங்கேயே இருப்பாள். நோட்டக்காவிடம் இனி ஒருநாளும் எதையும் சொல்ல மாட்டாள். சொல்லாமல் விட்டால் கட்டத்தில் குறி விழும். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். பேனா கட்டத்துக்கு நேரே வந்தது.

"அங்கேர்ந்து பதினேழாம் நம்பர் இருக்கா?"

எல்லாரும் நிலைக்கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

"எங்கேர்ந்தும்மா?" என்றார் அதிகாரி.

"அந்த ஸ்கூல்லேர்ந்து. சனிக்கிழமை."

அதிகாரி கையேட்டைப் புரட்டினார். நீச்சல் குளம் இருந்தது. நூலகம் இருந்தது. சிரிக்கும் பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தார்கள். அவர் கடைசிப் பக்கம் வரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தார்.

"இல்லம்மா. மாசம் ஒரு தடவை வேன்ல கொண்டு வந்து விடுவாங்க."

"அப்ப நான் போகல."

அதிகாரி பேனாவைக் கட்டத்திலிருந்து எடுத்து, அதற்கு மேலே இருந்த வெற்றுக் கோட்டில் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"தனியாப் போகக் கூடாது. அதுல நான் மாற மாட்டேன். யார் கூடப் போவ?"

நோட்டக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். தன் பெயர் வரும் என்று காத்திருந்தாள். இந்த வயதில் இதற்கு ஆசைப்படுகிறோமே என்ற வெட்கத்தோடு காத்திருந்தாள்.

வாத்து அப்பாவைப் பார்த்தாள். "அப்பாவுக்கு ரெண்டு மணிக்கு வேலை முடிஞ்சிடும்."

அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். விட்டுப் போனவளின் வீட்டுக்கு எதிரே, வெயிலில், எவரும் பார்க்க, போய் உட்கார வேண்டும். அந்த அறையில் அதன் விலை தெரியாதவர் இல்லை. டாக்டரின் கூடைகூட முனகவில்லை.

"மூணு மணி பஸ் புடிச்சா போதுமா?" என்றார் அவர்.

"ம்," என்றாள் வாத்து.

எல்லாரும் கிளம்பினார்கள். நோட்டக்கா கடைசியாகப் படியிறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. வாத்துவின் அப்பா. வீட்டுக் கதவை ஒருக்களித்துவிட்டு ஓடி வந்திருந்தார்.

"அக்கா, அவ... ஜன்னல் பக்கம் வருவாளா?"

"அதைப் பாப்பாகிட்ட கேளுங்க."

"சொல்லுவாளா?"

"தெரியாது தம்பி. கேக்காமப் பக்கத்துல உக்காந்திருங்க. சொன்னா சொல்லட்டும்."

அவர் போகாமல் நின்றார். காதுமடல் மாவைத் துடைத்தார். கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"சனிக்கிழமை நல்ல சட்டை போட்டுட்டுப் போலாமா? இல்ல, அது ஒரு மாதிரி தெரியுமா?"

மாதாமாதம் மேஜை போட்டவர்கள் அந்த மனிதரிடம் பிள்ளையைப் பற்றி எத்தனையோ கேட்டிருந்தார்கள். அவருக்கும் விட்டுப் போனவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

"நல்லதே போடுங்க," என்றாள் நோட்டக்கா.

அவர் இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார். மேலே கதவு திறந்தது. "வாத்து, அந்தக் கோடு போட்ட சட்டை எங்கடி?" என்ற குரல் படி வழியாக இறங்கி வந்தது. பதில் வருமா என்று நோட்டக்கா ஒரு கால் கீழ்ப்படியில் இருக்க நின்றாள்.

"கொடில இருக்குப்பா. பட்டன் ஒண்ணு இல்ல. இருங்க, தைச்சுத் தர்றேன்."